கோழியைத் திட்டி அலவாங்கை மீட்ட கதை

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊரில் முன்பு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் நக்கலடிப்பார்கள். அடி வாங்கியவரே முதலில் சிரிப்பார். இன்று நாங்கள் வாய் திறந்தால் கைகலப்பில் முடிகிறது. திட்டுவதில் ஒரு கலை இருக்கிறதா? இருந்தால் அதைப் பழக முடியுமா?”

இருக்கிறது, தம்பி. பழகவும் முடியும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முல்லைத்தீவு மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழ் படிப்பித்தவன். அந்தக் காலம் முழுவதும் கமமும் செய்தவன். இந்தக் கலையின் இலக்கணத்தைப் புத்தகத்தில் படித்தேன், செய்முறையை வயலில் பார்த்தேன். வயலில் இருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர் ஒவ்வொரு காலபோகத்துக்கும், அதாவது மாரிகால நெற்செய்கைக்கும், வரம்பு கட்டும்போது மண்வெட்டியைச் சற்று எங்கள் பக்கமாகப் போடுவார். ஒரு போகத்துக்கு நாலு விரல். பத்துப் போகத்தில் அது ஒரு மாடு நடந்துபோகும் அகலம். வன்னியில் வரம்புச் சண்டை சின்னச் சண்டை அல்ல. வழக்குக்குப் போய் இரண்டு தலைமுறையாக முகம் பார்க்காத குடும்பங்களை நான் அறிவேன். என் பெரியப்பா வழக்குக்குப் போகவில்லை. அரிவுவெட்டு நாளில் எல்லோரும் மருதமர நிழலில் இருந்து தேநீர் குடிக்கும்போது, குரலை உயர்த்தாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அண்ணை, உங்களுடைய வரம்புக்குக் கால் முளைத்திருக்கிறது. போகத்துக்குப் போகம் என்னைப் பார்க்க நாலு விரல் நடந்து வருகிறது. இவ்வளவு ஆசையாக வருகிறவனைப் போ என்று எப்படிச் சொல்வது?”

கூட்டம் சிரித்தது. அயல்காரர் ஒரு கணம் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். “அதற்கு வயதாகிவிட்டது தம்பி, வழி தவறியிருக்கும். நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன்” என்றார். அடுத்த போகத்துக்கு வரம்பு கட்டும்போது அவரே முதலில் வந்து, பழைய இடத்தில் கயிறு பிடித்தார்.

பெரியப்பா என்ன சொன்னார் என்பதைவிட, என்ன சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். களவு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அயல்காரர் எதையும் செய்ததாகவே அவர் சொல்லவில்லை. நடந்தது வரம்பு, வந்தது வரம்பு. ‘நீ வெட்டினாய்’ என்ற வாக்கியத்தைக் கேட்டவரே தன் மனதுக்குள் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காகக் கோபித்தால், வரம்பை நகர்த்தியது தான்தான் என்று தன் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்தக் கலையின் பொறி இதுதான். நல்ல வசையின் கடைசிச் சொல்லைத் திட்டு வாங்குகிறவரே சொல்லிக்கொள்வார். இன்னொன்றும் பாருங்கள்: ‘ஆசையாக வருகிறவன்’ என்று சொன்னதன் மூலம், அயல்காரர் மானத்தோடு வெளியே போக, வேலியில் விடும் வழி போல, ஒரு கடப்பையும் பெரியப்பா திறந்துவிட்டார். அந்தக் கடப்பு வழியாகத்தான் ‘கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன்’ என்ற பதில் வந்தது. அந்தப் பதிலும் முதல் வசைக்குக் குறைந்த சரக்கல்ல.

இதற்குத் தமிழில் மிகப் பழைய பெயர் இருக்கிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகத் திட்டுவது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். இரண்டுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு என்பது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். திட்டுவதை ஒதுக்கிவிடாமல் செய்யுளின் ஒரு கூறாக எண்ணிப் பார்த்த மொழி இது. எங்கள் ஊர்ப் பேச்சும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. சிரிப்பதற்கு மட்டும் சொன்னால் பகிடி. சிரிப்போடு ஒரு முள் இருந்தால் நக்கல். முள் மட்டும் இருந்தால் சொட்டை. ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்குச் சொல்வது சாடை.

சாடையில் என் அம்மம்மாவை மிஞ்சிய ஆளை நான் கண்டதில்லை. பக்கத்து வளவுக்காரி எங்கள் அலவாங்கை (கடப்பாரையை) இரவல் வாங்கிப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. போய்க் கேட்டால் ‘ஓர் இரும்புக் கம்பிக்காக வீடு தேடி வந்தாள்’ என்ற பேச்சு வரும். கேட்காவிட்டால் அலவாங்கு போய்விடும். அம்மம்மா விடியற்காலையில் கிடுகு வேலியோரம் நின்றுகொண்டு, அடைக்குக் கிடக்காமல் திரிந்த கோழியோடு கதைக்கத் தொடங்கினார். “எங்கே கொண்டுபோய் வைத்தாய்? திருப்பித் தா என்று நான் கேட்கவில்லை. சுகமாக இருக்கிறதா என்று மட்டும் சொல். மூன்று மாதமாகிறது, இந்நேரம் குஞ்சு பொரித்திருக்குமே!”

வேலிக்கு அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அயல்காரி தன் நாயைக் கூப்பிடும் குரல் கேட்டது. “வாடா ராசா, சிலபேர் வீட்டில் கோழிக்கு விளங்குகிற கதை மனிதருக்கு விளங்காது என்று நினைக்கிறார்கள்.” அன்று மத்தியானம் அலவாங்கு வேலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு முருங்கைக்காய்க் கட்டு. குஞ்சுகள் வந்துவிட்டன என்றார் அம்மம்மா. இரண்டு பெண்களும் அன்று நேருக்கு நேர் ஒரு சொல்லும் பேசவில்லை. அதனாலேயே அவர்களுடைய சினேகம் தப்பியது. கோழியும் நாயும் திட்டிக்கொண்டன, அவ்வளவுதான்.

அரசவையில் நடந்தால் இதே வித்தை தூது ஆகிவிடுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது போன கதை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். புறநானூற்றின் 95 ஆம் பாட்டில் ஔவையார் சொல்வதை நான் மாணவருக்கு இப்படிச் சொல்லிக்கொடுப்பேன்: உன்னுடைய ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. அவனுடையவையோ, பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனுடைய சின்னப் பட்டறையில் கிடக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் தொண்டைமானின் ஆயுதங்களுக்குப் புகழ்ச்சி, அதியமானுடையவற்றுக்குக் குறை. இருவருடைய வேல்களும் இருக்கும் நிலையைச் சொல்லி, அதியமானின் கொடையையும் புகழ்கிறார் ஔவையார்; தொண்டைமானை ஒரு சொல்லும் பழிக்கவில்லை. ‘உன் படை போரையே காணாதது’ என்ற வாக்கியம் பாட்டில் இல்லை; அது தொண்டைமானின் தலைக்குள் ஓடியிருக்கும். என் பெரியப்பா ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் அவருடைய வரம்பும் ஔவையின் வேலும் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன.

பாராட்டுப் போலத் தொடங்குவது இதில் பாதி வெற்றி. எங்கள் ஊரில் ஒரு கலியாண வீட்டில் சொதி தண்ணீராக இருந்தது. தேங்காயை எங்கோ தூரத்தில் காட்டியிருந்தார்கள். பந்தியில் இருந்த ஒரு கிழவி பரிமாற வந்த பெண்ணைப் பார்த்து, “பிள்ளை, நல்ல தெளிந்த சொதி. இதற்குள் விரால் குஞ்சு விட்டால் நன்றாக வளரும்” என்றார். ‘நல்ல தெளிந்த’ வரை அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மோரைப் பார்த்துக் காளமேகப் புலவர் பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாட்டும் இதே குடும்பம்தான். வானில் இருந்தபோது கார் என்று பேர், தரைக்கு வந்ததும் நீர் என்று பேர், ஆய்ச்சியர் கைக்கு வந்ததும் மோர் என்று பேர், மூன்று பேரும் பெற்றாயே என்று மோரையே வாழ்த்துவார். மோர் விற்றவளை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வசைக்கு வேண்டிய பொருளைத் தூரத்தில் தேடக்கூடாது என்பதையும் அந்தக் கிழவியிடம்தான் படித்தேன். குளத்து மீனைத் தின்று வளர்ந்தவர்களுக்கு விரால் என்றால் கண்முன்னே நீந்தும். ஓயாமல் பேசும் ஒருவரைப் பற்றி, “இரணைமடுக் குளத்தின் வான்கதவைக்கூட மழை விட்டால் மூடிவிடுவார்கள்” என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வேட்டைப் பெருமை பேசிய ஒருவரிடம் ஒரு கமக்காரர் சொன்னது இன்றும் எங்கள் பக்கத்தில் நினைவில் இருக்கிறது. “நீங்கள் போன மாரியில் சுட்ட பன்றி நேற்று இரவும் என் கச்சான் தோட்டத்துக்கு வந்தது, அண்ணை. குட்டிகளையும் கூட்டிவந்தது. உங்களைச் சுகம் கேட்டது.” பன்றி வந்து கச்சானைக் கிளறிய வலி தெரிந்தவர்களுக்கு இதன் இரண்டாவது முள்ளும் தெரியும்: சுட்டதாகச் சொன்னவர் உண்மையிலேயே சுட்டிருந்தால் தோட்டம் தப்பியிருக்கும்.

இந்த எடுத்துக்காட்டுகள் பலவற்றில் ‘அண்ணை’, ‘தம்பி’, ‘பிள்ளை’ என்ற முறைச்சொற்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மரியாதையைக் குறைத்தால் வசை கனக்கும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். நான் கண்டது நேர்மாறு. ‘டா’ போட்ட அந்த இடத்திலேயே கேட்டவருக்குக் கோபிக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு ‘டா’வைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார். ‘அண்ணை’ என்று சொல்லிவிட்டால் பிடிக்க வேறு கொப்பு இல்லை.

‘டா’ போட வேண்டிய இடமும் உண்டு. தனிப்பாடல் மரபில் வரும் பிற்கால ஔவையார், சங்க ஔவையார் அல்ல, கம்பர் ‘அடி’ போட்டுக் கேட்ட விடுகதைக்குச் சொன்ன பதில் அந்த இடம். “ஒரு காலடி, நாலிலைப் பந்தலடி” என்று கம்பர் கேட்டாராம். விடை ஆரைக்கீரை. ஔவையார் “எட்டேகால் லட்சணமே” என்று தொடங்கி, “ஆரையடா சொன்னாய் அடா” என்று முடிப்பார். தமிழ் எண்ணில் எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’. இரண்டையும் சேர்த்தால் அவலட்சணம். எமன் ஏறும் பரி எருமை, பெரியம்மையாகிய மூதேவியின் வாகனம் கழுதை, கூரையில்லா வீடு குட்டிச்சுவர், குலராமன் தூதுவன் குரங்கு. ‘நீ சொன்னது ஆரைக்கீரை’ என்ற விடையும், ‘யாரைப் பார்த்துச் சொன்னாய்’ என்ற அதட்டலும் கடைசி அடியில் ஒரே சொல்லில் நிற்கின்றன. நான் இந்தப் பாட்டைப் படிப்பிக்கும் நாளில் மாணவரைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வயலுக்குக் கூட்டிப் போவேன். ஈர வரம்போரம் முழுவதும் ஆரை படர்ந்திருக்கும்; ஒரு காம்பு, நாலு இலை. பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளைகள் அதன் விடையை மிதித்துக்கொண்டுதான் தினமும் பள்ளிக்கு வந்தார்கள். உருவத்தைப் பழிக்கும் அந்த ‘அவலட்சணம்’ எனக்கு உவப்பானது அல்ல, ஆனால் பூட்டும் சாவியும் ஒன்றாகச் செய்த வேலைக்காக அந்தப் பாட்டை எத்தனை முறையும் படிப்பிப்பேன்.

மறைக்கவே தேவையில்லாத வசையும் உண்டு. அதற்கு வன்னியில் ஒரு தெய்வமே சாட்சி. மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய பளை என்பதால் பத்தாப்பளை, அது மருவி வற்றாப்பளை ஆனது என்று எங்கள் மக்கள் சொல்வார்கள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் அந்த வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்குச் சிலப்பதிகாரத்தின் இரண்டு சொற்கள்தான் நினைவுக்கு வரும்: “தேரா மன்னா.” நீ யார் என்று கேட்ட பாண்டியனுக்கு அவள் கொடுத்த விளி அது. மன்னனுடைய தொழில் தேர்ந்து பார்ப்பது. தேரவில்லை என்றால் மன்னன் என்ற சொல்லே அங்கே வெறும் ஓடு. இதில் சிரிப்பு இல்லை, சாடை இல்லை, வெளியே போகக் கடப்பு இல்லை. கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி அரியணைக்கு முன்னால் நின்று பேசும்போது பழிகரப்பு எதற்கு? எளியவர் வலியவரைக் குற்றம் சாட்டும்போது செம்பொருளே கலை ஆகிவிடுகிறது. வலியவர் எளியவரிடம் அதே தொனியில் பேசினால் அது அதிகாரம் மட்டும்தான்.

கலையில் சேராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கற்சிலைமடுவில் ஒரு கல் நாட்டப்பட்டது. வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31 அன்று தோற்கடித்ததை நினைவுபடுத்த வெள்ளையர் தரப்பு நட்ட கல். அந்தத் தோல்விக்குக் காட்டிக்கொடுத்த ஒருவன் காரணம் என்று வன்னிக் கதை சொல்லும். அவன் பெயர் காக்கை வன்னியன். அந்தப் பெயரே பிறகு வசையாகிவிட்டது. ‘இவன் ஒரு காக்கை வன்னியன்’ என்று சொல்லிவிட்டால் கேட்டவருக்குப் பதில் இல்லை, விளக்கம் இல்லை, சிரிப்பதற்கு வழி இல்லை. எங்கள் வாழ்நாளில் துரோகி என்ற சொல் எப்படிப் புழங்கியது, அது யார் யாருடைய வாசலில் போய் நின்றது என்பதை வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதில் சொல்லும் வாயை அடைக்கும் சொல்லை நான் வசை என்றுகூட எண்ணுவதில்லை; அது தீர்ப்பு.

சாதியைச் சொல்லித் திட்டுவதும் அப்படித்தான். அதற்கு அறிவும் வேண்டாம், ஆளைத் தெரிந்திருக்கவும் வேண்டாம். உடற்குறையைச் சொல்லிப் பட்டம் தெளிப்பதும் எங்கள் ஊர்களில் இருந்த வழக்கம்தான். நொண்டி, குருடு என்று வீட்டுப் பெயரோடு சேர்த்துச் சொன்ன காலம் உண்டு. போருக்குப் பிறகு, ஒவ்வொரு ஒழுங்கையிலும் காலையோ கையையோ கண்ணையோ இழந்த ஒருவர் இருக்கும் மண்ணில், அந்தப் பட்டங்களை இன்னும் நாக்கில் வைத்திருப்பவர்களை நான் முகத்துக்கு நேரே கண்டிக்கிறேன். வரம்பை நகர்த்தியவர் திரும்பவும் நகர்த்தலாம். சொதிக்குத் தேங்காய் கூட்டலாம். மாற்றக்கூடியதைக் குத்தினால்தான் குத்துக்குப் பயன்.

இன்று ஏன் சண்டையில் முடிகிறது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு காரணம் அரிவுவெட்டு. முன்பு ஒரு வயலை வெட்டி, கட்டி, சூடு மிதித்து முடிக்க நாட்கணக்காகும். அத்தனை நாளும் ஒரே ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில். யாருக்கு எது பொறுக்கும், எது பொறுக்காது, யார் வீட்டில் நேற்று என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது வெட்டி அடிக்கும் இயந்திரம் வந்து சில மணித்தியாலங்களில் வயலை வெறுமையாக்கிவிட்டுப் போகிறது. இடுப்பு வலி மிச்சம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவரை நன்றாகத் திட்டுவதற்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் கைத்தொலைபேசியில் தட்டி அனுப்பும் வசையில் இல்லாமல் போவது இதுதான். சொல்லி முடிக்கும் முன்பே எதிரே உள்ள கண் கலங்குகிறதா, சிரிக்கிறதா என்று பார்த்து, கடைசிச் சொல்லை விழுங்கிக்கொள்ளும் வசதி அதில் இல்லை.

தெரியாமல் திட்டினால் என்ன ஆகும் என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன். 2009 இல் செட்டிகுளம் பக்கத்து முகாமில் இருந்தோம். தண்ணீர் பவுசர் வரும் நேரம் வரிசை நீண்டிருக்கும். ஒருநாள், இடப்பெயர்வுகளில் எங்களோடு கூடவே வந்த ஒருவர் இரண்டு கான்களோடு வரிசையின் முன்னால் நுழைந்தார். ஒவ்வொரு ஊரில் இருந்தும் அவர்தான் எங்களுக்கு முன்னால் புறப்பட்டவர். அது எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னேன்: “விடுங்கள், எழும்பிப் புறப்படுவதில் இவர்தான் எப்போதும் முதல் ஆள். பழக்கம்.” நல்ல தாளத்தில் விழுந்த வசனம். வரிசை முழுவதும் சிரித்தது. அத்தனை மாதத்தில் நான் கேட்ட முதல் பெரிய சிரிப்பு அது. அவர் ஒன்றும் சொல்லாமல் கான்களைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார்.

பிறகு என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. முதல் இடப்பெயர்வுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. ஓட முடியாதவளை நடத்திக்கொண்டு போவதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் அவர் முந்திப் புறப்பட்டார். அன்று முன்னால் நுழைந்ததும் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால். எல்லோரும் அறிந்த உண்மையை வைத்துத்தான் நான் அந்த வசையைச் செய்தேன். ஆனால் அந்த உண்மையின் பாதிதான் என் கையில் இருந்தது. அவர் பதில் சொல்வதானால் மனைவியின் பிள்ளைப்பேற்றை அந்த வரிசைக்கு முன்னால் விரித்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கப் போக எனக்கு வாய் வரவில்லை. போகவே இல்லை.

மீள்குடியேறிச் சில ஆண்டுகள் கழித்து ஒரு சிறுபோகக் கூட்டம். குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசும் கூட்டம். நான் பிந்திப் போனேன். எல்லாக் கதிரைகளிலும் ஆட்கள். முன்வரிசையில் இருந்த அவர் என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையைக் கையால் துடைத்து என் பக்கம் தள்ளினார்.

“இருங்கள் மாஸ்டர்” என்றார். “எழும்பிப் புறப்படுவதில் நான்தானே எப்போதும் முதல் ஆள்.”

நான் இருந்தேன். கூட்டம் முடியும்வரை வேறு ஒரு கதிரையும் காலியாகவில்லை. அவர் சுவரோரமாக நின்றபடியே தன் பங்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கினார்.